இல்லாத பாட்டுக்கு நான் சொன்ன அபிப்பிராயம்

இந்த ஊரில் படம் முடிந்ததும் யாரும் வீட்டுக்குக் கிளம்பமாட்டார்கள். பத்தொன்பது வருடமாகியும் எனக்கு இது பழகவில்லை. தென்காசிப் பக்கம் எங்கள் ஊர்க் கொட்டகையில் கடைசிச் சண்டை நடக்கும்போதே பாதிப் பேர் சைக்கிளை எடுக்க ஓடிவிடுவார்கள். வண்டிப்பெரியாற்றுக்கு மேலே எங்கள் எஸ்டேட் முக்கில் ஒரு வாயனசாலை, அதாவது நூலகம், இருக்கிறது. அங்கே ஞாயிறு மதியம் படம் போட்டால், முடிந்ததும் கட்டன்சாயா என்கிற பாலில்லாத டீ வரும், நாற்காலிகளை வட்டமாகத் திருப்புவார்கள், மைக் ஆள்மாறி வரும். பார்த்தவர்கள் அபிப்பிராயம் சொல்லியாக வேண்டும். நல்லாருந்தது என்று மட்டும் சொல்லித் தப்பமுடியாது, ஏன் என்று கேட்பார்கள். மைக் மூன்று நாற்காலி தள்ளி வரும்போதே எனக்கு உள்ளங்கை வேர்த்துவிடும்.

கூச்சத்தால் அல்ல. எனக்குக் காது சரியாகக் கேட்பதில்லை. இதை இப்போதுதான் முதல்முறையாக எழுதுகிறேன். தேயிலை ஃபேக்டரியில் இலை அரைக்கிற எந்திரங்களுக்கு நடுவே நிற்பவன் நான். ஆறேழு வருடமாக இரண்டு காதும் கொஞ்சம் கொஞ்சமாக மங்கிவருகின்றன. வருகிற வெள்ளிக்கிழமை எல்லோருக்கும் காதுப் பரிசோதனை என்று நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். தேறாவிட்டால் வேலை போகும், வேலை போனால் எஸ்டேட் கொடுத்த லயத்து வீடும் போகும். மனைவி செல்வி கொழுந்து பறித்துப் பறித்து முதுகு போய் வீட்டில் இருக்கிறாள். மகள் பன்னிரண்டாவது படிக்கிறாள். ஊரில் இருந்த வீட்டை அண்ணன் இடித்துக் கட்டிவிட்டார், அதில் எங்களுக்கென்று ஓர் அறை கிடையாது.

இத்தனை நாள் எப்படி மறைத்தேன் என்று கேட்பீர்கள். மலையாளத்தை வைத்துத்தான். வந்த புதிதில் எனக்கு நிஜமாகவே அந்த மொழி தெரியாது. சூப்பர்வைசர் எதையோ கத்துவார், நான் விழிப்பேன். பாவம், அண்ணாச்சிக்கு விளங்கவில்லை என்று அவரே முன்னால் வந்து, நிறுத்தி நிதானமாக, கையையும் ஆட்டிச் சொல்லுவார். பிறகு மொழி வந்துவிட்டது. மகளின் பாடப்புத்தகத்தை வைத்து எழுத்துக்கூட்டிப் படிக்கவும் பழகினேன். ஆனாலும் காதில் விழாதபோதெல்லாம் "மனசிலாயில்ல சேட்டா" என்று, மொழி விளங்காதவன்போலச் சிரித்து வைப்பேன். அவர்களும் முகம் சுளிக்காமல் திரும்பச் சொல்வார்கள். சிக்கல் நம் ஆட்களிடம்தான். தமிழில் கூப்பிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனால் என்ன சொல்லித் தப்புவது? கல்யாண வீடு, கோயில் கொடை எல்லாவற்றையும் குறைத்துக்கொண்டேன். தமிழ்ப் பேச்சைக் கண்டால் ஒதுங்குகிற தமிழனாகிவிட்டேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

போன ஞாயிறு போட்டது ஐரோப்பாவில் வாழ்ந்த ஓர் இசைமேதையின் கதை. அவருக்குக் காது போகிற கதை என்று தெரிந்திருந்தால் அந்தப் பக்கமே போயிருக்கமாட்டேன். மனிதர் என்னைப் போலவே கேட்காததற்கெல்லாம் தலையாட்டுகிறார், விருந்துகளுக்குப் போகாமல் பதுங்குகிறார். அடியில் ஓடிய மலையாள எழுத்தைப் படித்தபடி, பக்கத்தில் இருப்பவர்கள் என்னைப் பார்க்கிறார்களா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அதுவரை வந்த இசை எனக்குத் தூரத்து மழைபோலக் கேட்டது. கடைசியில் அவர் பியானோ முன்னால் உட்கார்ந்து கண்ணை மூடி வாசிக்கிறார். விரல்கள் ஓடுகின்றன. எனக்கு அழுகை வந்துவிட்டது.

வாயனசாலைச் செயலாளர், ஓய்வுபெற்ற வாத்தியார், எல்லோருக்கும் மாஷ். அன்றைக்கென்று மைக்கை நேராக என்னிடம் நீட்டினார். "ஆத்யம் அண்ணாச்சி பறயட்டெ. தமிழில் மதி." முதலில் நான் பேசட்டுமாம், தமிழே போதுமாம்.

"கடைசியா அவரு வாசிச்ச பாட்டு இருக்குல்ல, அத மறக்கவே முடியாது. நெஞ்சுக்குள்ள எறங்கிருச்சு" என்றேன்.

எல்லா முகங்களும் என்னையே பார்த்தன. மாஷ் எனக்கு எதிரே வந்து நின்று பொறுமையாகச் சொன்னார். அந்தக் காட்சியில் பாட்டே கிடையாதாம். அவருக்குக் கேட்காதது நமக்கும் கேட்கக்கூடாது என்று சத்தத்தை அடியோடு நிறுத்தியிருந்தார்களாம். ஸ்பீக்கர் கெட்டுவிட்டது என்று ஒருவர் எழுந்து வயரை ஆட்டிப் பார்த்ததை நானும் பார்த்தேன், அப்போது ஏன் என்றுதான் விளங்கவில்லை. மைக்கை அவர் கையில் திணித்துவிட்டு எழப் பார்த்தேன். அதற்குள் மாஷ் மைக்கில் ஏதோ சொல்ல, எல்லோரும் கைதட்டினார்கள். இல்லாத பாட்டை மனதால் கேட்ட ரசிகன் என்று என்னைப் புகழ்ந்தார் என்று பக்கத்து நாற்காலிக்காரர் என் பக்கம் திரும்பி விளக்கினார். பிறகு பேசிய ஒவ்வொருவர் உதட்டிலும் அண்ணாச்சி என்ற சொல்லைப் பார்த்தேன். பெண்கள் வரிசையில், என்னோடு படம் பார்க்க வந்திருந்த செல்வி மட்டும் கைதட்டவில்லை.

வெயில் இறங்கியிருந்தது. தேயிலைக்கு நடுவே ஒற்றையடிப் பாதையில் நான் முன்னால், அவள் பின்னால். பாதி வழியில் என்னை இடித்துக்கொண்டு தாண்டிவந்து எதிரே நின்றாள். மூச்சு வாங்கியது.

"நாலு தடவ கூப்புட்டேன். எத்தன வருசமா இப்படி?"

என் வாய் பழக்கதோஷத்தில் அந்தச் சிரிப்பைச் சிரிக்கப் பார்த்தது. ஆனால் அவள் கேட்டது தமிழில். விளங்கவில்லை என்று அவளிடம் எப்படிச் சொல்ல? ஆறு வருடம் என்றேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"என் பேச்சு ஒங்களுக்குக் கசந்துருச்சுன்னுல்ல நெனச்சேன்."

இதை எழுதுவது வியாழக்கிழமை. நாளைக்குப் பரிசோதனை. கூட வருவேன் என்று செல்வி பிடிவாதமாக இருக்கிறாள். சற்றுமுன் அடுப்படியிலிருந்து ஈரக்கையோடு வந்து, எனக்கு எதிரே நின்று, நாளைக்கு நர்ஸிடம் மலையாளம் தெரியாது என்று சொல்லக்கூடாது என்றாள். நிறுத்தி நிதானமாக, கையை ஆட்டி, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். அந்தச் சூப்பர்வைசர் முன்னால் முதல் நாள் நின்ற மாதிரியே, என் வீட்டில், என் பாஷைக்கு முன்னால் தலையாட்டிக்கொண்டு நின்றேன்.