கூப்பிடு தூரத்துப் பள்ளிக்கூடம்

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தை மூட வைத்த வார்த்தை என் வாயிலிருந்துதான் வந்தது. இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொல்லி நீங்கள் கேள்விப்படுவதைவிட அது மேல்.

பழவேற்காடு ஏரிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மண்திட்டில் எங்கள் ஊர். மூன்று பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் மண்ரோடு. பள்ளிக்கூடம் என்றால் ஒரே அறை, ஒரே டீச்சர், ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை பதினொரு பிள்ளைகள். அதில் மூன்றாம் வகுப்பில் ஒருத்தி என் மகள். எனக்குத் தொழில் ஏரியில் இறங்கிக் கையால் இறால் பிடிப்பது. குனிந்து சேற்றைத் தடவிக்கொண்டே போக வேண்டும். இரண்டு கையும் தண்ணீருக்குள் இருப்பதால், பிடித்ததைப் போடுகிற பனையோலைப் பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொள்வோம். "இவ வாயில பறிக்கயிறு கீற வரிக்கும்தான் ஊருக்கு நிம்மதி" என்று என் வீட்டுக்காரர் போவோர் வருவோரிடமெல்லாம் சொல்வார். தப்பில்லை. அவ்வளவு வாய் எனக்கு. பத்தாவது தேறியவள், யாரையும் எதிர்த்துப் பேசுபவள் என்று இரண்டு தகுதி பார்த்துத்தான் பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு என்னைத் தலைவியாகப் போட்டார்கள்.

ஒரு ஏப்ரல் மாதம், வட்டாரக் கல்வி அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி பள்ளியைப் பார்க்க வந்தார். ரோடு சுற்றி மோட்டார் சைக்கிளில் வந்ததில் மனிதருக்கு இடுப்பு கழன்றிருந்தது. தலையெல்லாம் செம்மண். டீச்சர் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, "என்னம்மா, உலகத்தோட கடைசியில இருக்கு உங்க ஊரு" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சுருக்கென்று தைத்தது. எங்கள் ஊரை நான் ஆயிரம் திட்டுவேன். வெளியூர்க்காரர் ஒரு சொல் சொன்னால் எனக்குப் பொறுக்காது.

பள்ளியின் பின்பக்கம் ஏரியைக் காட்டி அவர் கேட்டார். "பக்கத்து ஸ்கூல்னா அதோ தெரியுதே, அந்த நீலக் கட்டடம்தானே? அது எவ்வளவு தூரம் இருக்கும்?"

"இன்னா சார் இப்டி கேட்டுட்டீங்க? கூப்புடு தூரம் சார். அங்க மணி அடிச்சா இங்க எங்க புள்ளிங்க எயுந்து நிக்கும்" என்றேன்.

அப்போது கோடை. ஏரி உள்வாங்கி, எங்களுக்கும் அக்கரைக்கும் நடுவே வெறும் சேற்றுத்தரை. நான்கு எருமைகள் அதன்மேல் நடந்து போய்க்கொண்டிருந்தன. அவர் எருமைகளைப் பார்த்தார், தலையாட்டினார், எழுதிக்கொண்டார். மழைக்காலத்தில் முகத்துவாரம் திறந்து கடல்தண்ணீர் உள்ளே ஏறினால் அதே இடத்தில் படகு ஓடும் என்பதை அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. எங்களுக்கு அது காற்று இருக்கிறது, வெயில் இருக்கிறது என்பதுபோல. அதையெல்லாம் யாராவது எடுத்துச் சொல்வார்களா?

எங்களிடம் கூப்பிடு தூரம் என்றால் வேறு. அக்கரையில் நின்று மூன்று தரம் கூப்பிட்டால் இக்கரையிலிருந்து படகு வரும். அந்தத் தூரம்தான் கூப்பிடு தூரம். கூப்பிட்டால் நடந்து வரும் தூரம் அல்ல. ஊரில் பிறந்த குழந்தைக்கும் தெரிந்த இந்தச் சங்கதி அதிகாரியின் நோட்டில் ஏறவில்லை. அவர் எழுதியதன் கீழே நான்தான் கையெழுத்துப் போட்டேன். படித்துப் பார்த்துத்தான் போட்டேன். படித்தும் எனக்கு உறைக்கவில்லை.

ஜூன் மாதம் பள்ளி திறந்த அன்று டீச்சர் எங்களை எல்லாம் கூட்டி ஒரு காகிதத்தை வாசித்தார். பிள்ளைகள் குறைவாக இருக்கும் பள்ளிகளை அருகிலுள்ள பள்ளியோடு இணைக்கிறார்கள், அதற்காகச் சேர்க்கை எல்லையை மாற்றி வரைந்திருக்கிறார்கள், எங்கள் ஊர் இனி நீலக் கட்டடத்தின் எல்லைக்குள் வருகிறது. காரணம் என்று போட்டிருந்த இடத்தை வாசிக்கும்போது டீச்சரின் குரல் தாழ்ந்தது. "மேற்படி பள்ளி கூப்பிடு தூரத்தில் உள்ளதாகப் பெற்றோர் தரப்பில் தெரிவிக்கப்பட்டது."

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது.

நுணலும் தன் வாயால் கெடும் என்று பள்ளியில் நானே எழுதிப் படித்திருக்கிறேன். நுணல் தான் மட்டும்தான் கெடும். நான் பதினொரு பிள்ளைகளையும் சேர்த்துக் கெடுத்திருந்தேன். அன்றைக்கு யாராவது என் முகத்துக்கு நேரே திட்டியிருந்தால் சண்டை போட்டு ஆற்றிக்கொண்டிருப்பேன். ஒருத்தரும் திட்டவில்லை. ஐந்தாம் வகுப்புப் பெண்ணின் அம்மா மட்டும் போகிறபோக்கில், "தண்ணில அனுப்புறதுக்கு வூட்லயே வச்சிக்கலாம். படிச்சி இன்னா ஆவப்போவுது" என்றாள். 

டீச்சரை வேறு ஊருக்குப் போட்டார்கள். நாங்கள் கூடிப் பேசி, வலைக்குப் பாடு வைப்பதுபோலப் பிள்ளைகளுக்கும் பாடு வைத்தோம். ஏரியில் யார் எந்த நாளில் எங்கே வலை போடுவது என்று முறை வைத்துக்கொள்வதற்குத்தான் எங்கள் பக்கம் பாடு என்று பெயர். படகு வைத்திருந்த ஏழு வீடும் நாளுக்கு ஒன்றாக முறை எடுத்துக்கொண்டது. காலையில் கொண்டுபோய் விடுவது, மாலை நான்கு மணிக்குக் கூட்டி வருவது. தண்ணீர் முழங்காலுக்குக் கீழே இருந்த ஆடி மாதம் வரை படகு தரைதட்டியதால், பிள்ளைகள் பையைத் தலையில் வைத்துக்கொண்டு யாராவது பெரியவர்கள் பின்னால் நடந்தே போனார்கள். அதுதான் பிற்பாடு வினையாயிற்று. நடந்து போகலாம் என்று அந்தக் கால்கள் பழகிவிட்டன.

ஆகஸ்டில் நான் பஸ் பிடித்து அலுவலகத்துக்குப் போனேன். அந்த அதிகாரி என்னை அடையாளம் கண்டுகொண்டார். உட்காரச் சொன்னார்.

"நான் சொன்னத நீங்க தப்பா எழுதிட்டீங்க சார்."

"ஏம்மா, நீங்க சொன்ன வார்த்தையைத்தானே அப்படியே எழுதினேன்? நீங்களும் கையெழுத்துப் போட்டீங்களே?"

"கூப்புடு தூரம்னா படகு வர்ற தூரம் சார். நடுவுல ஆயமா ஒரு ஓட கீது. மழ வந்தா ஆள் முயுகும்."

அவர் கம்ப்யூட்டரில் வரைபடத்தைத் திறந்து காட்டினார். எங்கள் பள்ளிக்கும் நீலக் கட்டடத்துக்கும் நடுவே ஒரு நேர்கோடு. ஒரு கிலோமீட்டருக்குள்தான். கோட்டுக்கு அடியில் தண்ணீர் வெளிர்நீலமாக இருந்தது. "கோடு சரியாத்தாம்மா இருக்கு. நீங்க எழுதிக் குடுங்க, மேல அனுப்பறேன்" என்றார். நல்ல மனிதர்தான். அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது. கெட்டவராக இருந்தால் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வந்திருப்பேன். எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். பதில் வரவில்லை.

ஐப்பசியில் மழை பிடித்தது. முகத்துவாரம் திறந்தது. தண்ணீர் நாளுக்கு ஒரு சாண் ஏறியது. தினமும் நான்கு மணிக்குப் படகு திரும்பி, என் மகள் கரையில் குதிக்கும்வரை அந்த இடத்தை விட்டு நகர மாட்டேன். பதினொன்று என்று எண்ணி முடித்த பிறகுதான் மூச்சு விடுவேன். மற்ற அம்மாக்கள் தங்கள் பிள்ளையை மட்டும் பார்த்துக்கொண்டு போனார்கள். எனக்குப் பதினொன்றும் என் கணக்கு.

அந்த நாள் காலையிலிருந்தே வாடைக்காற்று. மதியம் போல் நானும் இன்னும் இரண்டு பெண்களும் எங்கள் கரையோரம் இடுப்பளவு தண்ணீரில் இறால் தடவிக்கொண்டிருந்தோம். தூறல் கண்ணில் அடித்தது. நிமிர்ந்தபோது அக்கரையில் நீலமும் வெள்ளையுமாக ஏதோ அசைந்தது. யூனிஃபார்ம். புயல் எச்சரிக்கை என்று பள்ளியை மதியமே விட்டிருக்கிறார்கள். அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு வீடு இரண்டு தெரு தள்ளி. எங்கள் பிள்ளைகளுக்குப் படகு நான்கு மணிக்கு என்பது அங்கே யாருக்கும் தோன்றவில்லை.

அவர்கள் கைகளை வாயில் குவித்துப் படகைக் கூப்பிடுவது தெரிந்தது. சத்தம் கேட்கவில்லை. காற்று எங்கள் பக்கமிருந்து அவர்கள் பக்கம் வீசிக்கொண்டிருந்தது. அன்றைக்குப் பாடு எடுத்தவர் வீடு ஊரின் அந்தக் கோடியில். கரையில் ஒரு ஈ காக்கை இல்லை.

முன்னால் நின்ற ஐந்தாம் வகுப்புப் பெண் தண்ணீரில் கால் வைத்துப் பார்த்தாள்.  பல்லில் கடித்திருந்த கயிற்றைத் துப்பிவிட்டு, என் உயிரெல்லாம் திரட்டிக் கத்தினேன்.

"வராதே! வராதே!"

அவர்கள் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்கள். கேட்டுவிட்டது என்று நினைத்தேன். இன்னும் பலமாகக் கத்தினேன். "வராதே!"

அவர்கள் பைகளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு வரிசையாகத் தண்ணீரில் இறங்கினார்கள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. கத்தக் கத்த வேகமாக வந்தார்கள். எங்கள் பிள்ளைகள் நீந்தத் தெரிந்தவர்கள்தான். ஆனால் நடுவிலிருக்கும் ஓடையில் மழைத்தண்ணீர் இழுத்துக்கொண்டு ஓடும், அடியில் சேறு காலைப் பிடிக்கும். அங்கே நீச்சல் எதற்கும் உதவாது. நான் பறியை விட்டேன். அது எங்கே போனதோ. மற்ற இருவரையும் கூப்பிட்டுக்கொண்டு ஓடையைப் பார்த்து நடந்தேன். அந்தத் தண்ணீரில் ஓட முடியாது. கனவில் ஓடுவதுபோல ஓடினேன்.

நாங்கள் ஓடையின் இந்தப் பக்கம் சேர்ந்தபோது அவர்கள் அந்தப் பக்கம் மார்பளவில் நின்றிருந்தார்கள். ஒன்றாம் வகுப்புச் சிறுமியைப் பெரியவள் இடுப்பில் தூக்கியிருந்தாள். என் மகள் அவர்களுக்கு முன்னால். என்னைக் கண்டதும் சிரித்துக்கொண்டு அடுத்த அடி எடுத்து வைத்தாள். தலை உள்ளே போனது. பை மட்டும் மேலே மிதந்தது.

நான் எப்படிப் பாய்ந்தேன் என்று எனக்கு இன்றும் தெரியாது. கையால் சேற்றைத் தடவி இறால் பிடிக்கிறவள் அன்றைக்கு அதே கையால் என் பிள்ளையைத் தேடினேன். முதலில் சேறுதான் கிடைத்தது. பிறகு ரிப்பன் கட்டிய சடை. பிடித்து இழுத்தேன். இருமிக்கொண்டு மேலே வந்தாள். மற்ற இரண்டு பெண்களும் ஓடையைத் தாண்டிப் பிள்ளைகளைக் கைகோக்க வைத்து அக்கரைக்கே திருப்பிக் கூட்டிப் போனார்கள். நானும் மகளைச் சுமந்துகொண்டு பின்னால் போய்க் கரையில் எண்ணினேன். பதினொன்று. நம்பிக்கை வராமல் மறுபடி எண்ணினேன்.

பயம் போன மறுநிமிடம் கோபம் வந்தது. என் மகளின் முதுகில் ஒன்று வைத்தேன். "வராதேன்னு தொண்ட கியிய கத்தறேன், காது கேக்கல உனுக்கு?"

அவள் அழவில்லை. ஆச்சரியமாகப் பார்த்தாள்.

"நீதானமா வா, வான்னு கூப்ட்டுகினே இருந்த. அதான் வந்தோம்."

மற்றப் பிள்ளைகளும் தலையாட்டினார்கள். எல்லோருக்கும் அப்படித்தான் கேட்டிருக்கிறது. வராதே என்று இழுத்துக் கத்தினால் தலையில் கேட்பது வா. வாலில் இருந்ததைக் காற்றின் இரைச்சல் தின்றுவிட்டது.

இரண்டாவது தடவையும் என் வாய்தான். நான் சேற்றிலேயே உட்கார்ந்து அழுதேன். பிள்ளைகள் சுற்றி நின்று பார்த்தார்கள்.

மார்கழியில் அதே அதிகாரி வந்தார். இந்த முறை அக்கரை வழியாகப் படகில். கோல் ஊன்றி வருவதற்கு இருபது நிமிடம் ஆயிற்று. இரண்டு கையாலும் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, ஓடையைத் தாண்டும்போது கண்ணை மூடிக்கொண்டார் என்று கோல் ஊன்றியவர் சொன்னார். கரையில் இறங்கி, பூட்டிக் கிடந்த எங்கள் பள்ளியைப் பார்த்துவிட்டு, நோட்டைத் திறந்தார். "இப்ப சொல்லுங்கம்மா. எவ்வளவு தூரம்?"

ஊரே என் வாயைப் பார்த்தது.  அவர் கையிலிருந்து பேனாவை வாங்கி நானே எழுதினேன். படகில் இருபது நிமிடம். ரோட்டில் பதினாறு கிலோமீட்டர். நடக்க வழியில்லை. அவர் இரண்டு தரம் படித்தார். "மேல அனுப்பறேம்மா" என்றார். முகம் வாடியிருந்தது. அனுப்பியிருப்பார். இதை எழுதும் நாள் வரை பதில் இல்லை. பாடு நடந்துகொண்டிருக்கிறது.

தினமும் நான்கு மணிக்கு முன்பே நான் கரைக்கு வந்துவிடுகிறேன். சில நாள் படகு தாமதமாகும். என் மகள் அக்கரையில் தண்ணீரின் விளிம்பில் நின்று என்னையே பார்ப்பாள். பெயர் சொல்லிக் கத்தத் தொண்டை வரைக்கும் வரும். அப்போது பறிக்கயிற்றை எடுத்துப் பல்லில் கடித்துக்கொள்கிறேன். இறால் பிடிக்கப் போகாத நாளிலும் கையில் பறியோடுதான் கரைக்கு வருகிறேன். என் வீட்டுக்காரர் இதைப் பார்த்திருக்கிறார். அவர் இப்போதெல்லாம் அந்தக் கேலியைச் சொல்வதில்லை.