வாளேந்திய துறவிகளின் காவலர்

எண்பதுகளின் கடைசியில், ஆய்வுக்காக லண்டன் டெம்பிள் பகுதியிலுள்ள வட்டமான பழைய தேவாலயத்துக்கு அடிக்கடி போவேன். வாளேந்திய துறவிகள் எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் கட்டியது அது. அங்கே காவலுக்கு நின்றவர் யாழ்ப்பாணத்துக்காரர். ஒல்லியான உடம்பு, அளவில் பெரிய சீருடை, கழுத்தில் சிறு சிலுவை. தரையில் படுத்திருக்கும் வீரர்களின் கற்சிலைகளைக் கடக்கும்போது, தூங்குபவர்களை எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல் மெல்ல நடப்பார்.

ஒருநாள் அவரே அருகில் வந்தார்.

"அண்ணை, நீங்கள் இவையளைப் பற்றித்தானே படிக்கிறியள்? சுவாமிமாருக்கு ஆர் வாளைக் குடுத்தது?"

"ஜெருசலேமுக்கு யாத்திரை போனவங்களை வழியில கொள்ளைக்காரங்க கொன்னாங்க. அவங்களைக் காப்பாத்தணும்னு சில வீரர்கள் துறவிகளா சத்தியம் செஞ்சாங்க. திருச்சபையும் ஏத்துக்கிச்சு. அப்புறம் நிலம், கோட்டைன்னு பெருகிட்டாங்க," என்றேன்.

"செபம்?"

"தினமும் பல வேளை சொல்லணும்."

அவர் கற்சிலைகளைத் திரும்பிப் பார்த்தார்.

"என்ரை தம்பி சுவாமியாரா வரக் குருமடத்திலை படிச்சவன். சனத்தைக் காப்பாத்தப் போறன் எண்டு இயக்கத்துக்குப் போய்ச் சுடுற துவக்கைத் தூக்கினவன். இவையள் முதல் முதல் ஆளை வெட்டின அண்டைக்கும் செபம் சொன்னவையோ? புத்தகத்திலை இருக்கோ?"

"தெரியலைங்க. தேடிப் பாக்கிறேன்."

உண்மையாகவே தேடினேன். அந்தத் துறவிகளின் விதிகளில் உணவு, உடை, குதிரைகள், தலைமுடி பற்றியெல்லாம் இருந்தது. அவர் கேட்டது மட்டும் இல்லை. அதைச் சொல்லப் போனபோது வேறொருவர் காவலுக்கு நின்றார். அதன்பின் அவரை நான் பார்க்கவே இல்லை.

என் ஆய்வு முடிந்து பட்டமும் கிடைத்தது. அவருடைய கேள்வியைத்தான் நான் ஆராய்ந்திருக்க வேண்டும் என்று இப்போதும் தோன்றுகிறது.