இரண்டு மணிக்குப் புரளும் கட்டில்

நேற்றும் மதியம் இரண்டு மணிக்கு அம்மா டீ போட்டாள். டம்ளரைக் கட்டிலுக்குப் பக்கத்து ஜன்னலில் வைத்துவிட்டுக் காது கொடுத்து நின்றாள். நானும் நின்றேன். கட்டில் சும்மா இருந்தது. வேலூருக்குக் குடிவந்து ஒரு மாதம் ஆகப் போகிறது. இன்னும் அது வாயைத் திறக்கவில்லை.

கட்டில் வாயைத் திறக்குமா என்று நீங்கள் சிரிக்கலாம். ஆம்பூரில் இருந்தவரை தினமும் திறந்தது.

அப்பாவுக்குத் தோல் பதனிடும் டேனரியில் ராத்திரி ஷிப்ட். பகலெல்லாம் தூங்குவார். நானும் தம்பியும் பூனை மாதிரி நடந்து பழகினோம். ஆனாலும் வெளியே போகும்போது அறை வாசலில் நின்று "போய்ட்டு வர்றேன்பா" என்று சொல்லியாக வேண்டும். கண்ணைத் திறக்காமலே "ம்" என்பார். அந்த "ம்" கிடைக்காமல் யாரும் தெருவில் கால் வைத்ததில்லை. இரண்டு மணிக்கு டேனரி சங்கு ஊதும். உடனே சுவர்ப் பக்கமாகப் புரளுவார். கட்டில் கிறீச்சென்று நீளமாக ஒரு சத்தம் போடும். அடுத்த ஐந்து நிமிஷத்தில் டீ கேட்பார். அதற்குள் எங்கள் கோலிக்குண்டுகளையெல்லாம் ஒளித்து வைத்திருப்போம்.

அந்தச் சத்தத்துக்கு அப்பா செய்த வைத்தியம்தான் வேடிக்கை. எங்கள் தெருவில் எது ஆடினாலும் தோல்தான். மேஜைக் கால், ஜன்னல் கொக்கி, அம்மிக்கு அடியில்கூட ஒரு துண்டுத் தோல் இருக்கும். கட்டிலின் காலும் சட்டமும் சேரும் நான்கு மூலைகளிலும் தோலை மடித்துச் செருகி போல்ட்டை முறுக்கினார். தோல் மழைக்கு ஊறும், வெயிலுக்குச் சுருங்கும் என்று அந்த வேலையிலேயே இருந்தவருக்குத் தெரியாதா? தெரியும். இருந்தாலும் வைத்தார். சத்தம் இரண்டு மடங்கானது.

அப்பாவை அடக்கம் செய்த மூன்றாம் நாள். உறவுக்காரர்கள் கிளம்பிவிட்டார்கள். சங்கு ஊதியது. ஆள் இல்லாத கட்டில் கிறீச்சிட்டது. சமையலறையிலிருந்து அம்மா, பழக்க தோஷத்தில், "இன்னாங்க, எழுந்துட்டீங்களா?" என்றாள். சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது.

"தோலும்மா அது. வெயிலுக்குச் சுருங்குது," என்றேன்.

"உங்கப்பா வச்ச தோலுதானே," என்றாள்.

ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவள், ஆவி கீவி என்று யாராவது பேசினால் திட்டுகிறவள், அன்றிலிருந்து தினமும் அந்த ஜன்னலில் டீ வைத்தாள். டேனரியை மூடி சங்கு நின்ற பிறகும் கட்டில் நேரம் தவறவில்லை. ஆஸ்பத்திரி ஆபீசில் வேலை பார்க்கிற படித்த பெண்ணாயிற்றே, நான் கிண்டல் செய்வேன். ஆனால் இரண்டு மணிக்கு அந்தக் கட்டிலில் நான் உட்கார்ந்ததே கிடையாது.

வீட்டை விற்று வேலூரில் ஃபிளாட்டுக்கு வர அம்மா ஒரே நிபந்தனை போட்டாள். "எந்தத் தோலு எங்க இருந்துச்சோ அங்கயே இருக்கணும். இல்லன்னா அவரு எப்படி வருவாரு?"

கட்டிலைப் பிரிக்கத் தச்சர் ஜமீல் பாய் வந்தார். மூலைகளுக்குச் சாக்பீசால் எண் போட்டேன். ஒவ்வொரு தோலுக்கும் ஒரு கவர். துருப்பிடித்த போல்ட்டுகள் எண்ணெய் ஊற்றிய பிறகே அசைந்தன. மூன்று மூலைத் தோலும் அப்பளமாக விறைத்திருந்தது. நான்காவது, அப்பா தலை வைக்கும் சுவர்ப் பக்கத்து மூலை. கையை விட்ட பாய் சட்டென்று இழுத்துக்கொண்டார்.

"இன்னா பாய்?"

"சூடா கீதும்மா."

தொட்டேன். மெத்தென்று, ஈரமாக, ஆள் உடம்புச் சூட்டில் இருந்தது. அப்பா ஷிப்ட் முடிந்து வந்ததும் சட்டையில் அடிக்குமே, சுண்ணாம்பும் தோலும் கலந்த அதே வாடை.

"மேற்கு செவுரு, வெயில் இறங்கியிருக்கும்," என்றார் பாய். மூன்று நாளாக மழை. அதைக் கவரில் போட்டேன்.

வேலூரில் எண் பார்த்து, எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் பொருத்தினோம். கவரைப் பிரித்தபோது நான்காவது தோலும் விறைத்துப் போயிருந்தது.

ஒரு வாரம் கட்டில் மூச்சு விடவில்லை. அம்மா மெதுவாகக் கேட்டாள்: "கிளம்பும்போது அப்பாகிட்ட சொன்னியா?"

சொல்லவில்லை. லாரிக்காரர் அவசரப்படுத்தியதில் மறந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் ஆம்பூரிலிருந்து பக்கத்து வீட்டு மேரி அக்கா போன் செய்தார். "கட்டிலு எதுனா உள்ள விட்டுட்டுப் போய்ட்டியா? மதியமானா காலி வீட்டுல ஒரு சத்தம் வருது."

லீவு சொல்லிவிட்டு ஓடினேன். நான் போவதற்குள் வீட்டை வாங்கியவர்கள் இடிக்க ஆரம்பித்திருந்தார்கள். அப்பாவின் அறை இருந்த இடத்தில் வானம் தெரிந்தது. மண்மேட்டின் முன்னால் நின்று, பொக்லைன் ஓட்டுபவர் ஒரு மாதிரியாகப் பார்க்கப் பார்க்க, "அப்பா, நாங்க வேலூர் போய்ட்டோம். வாங்கப்பா," என்றேன். இரண்டு மணி தாண்டும்வரை நின்றேன்.

திரும்பி வந்ததும், "சொன்னியா?" என்றாள் அம்மா.

"சொல்லிட்டேன்."

"'ம்'னாரா?"

அந்த இரைச்சலில் எனக்கு எதுவும் கேட்கவில்லை. சங்கும் இல்லை, அறையும் இல்லை, எங்கிருந்து கேட்கும்? ஆனால் அம்மாவின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல வாய் வரவில்லை.

"'ம்'னாரும்மா," என்றேன்.

அதை நம்பித்தான் இன்னும் டீ போட்டுக்கொண்டிருக்கிறாள்.