அக்கா அடித்ததில் பிழை இல்லை

அக்காவைக் கம்ப்யூட்டர் அறையிலிருந்து பேக்கிங் பிரிவுக்கு ஏன் மாற்றினார்கள் என்று, இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் யாருக்காவது தெரியுமா? பெயர்களைத் தப்பாக அடித்துவிட்டார் என்றுதான் கேள்விப்பட்டிருப்பீர்கள். அப்படிச் சொன்னவன் நான்.

அக்கா ஒடுகத்தூரில் பிறந்தார். அப்பா இறந்தபோது அவர் பத்தாவது முடித்திருந்தார், நான் மூன்றாவது. டைப்பிங் கற்றுக்கொண்டு ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் டெலெக்ஸ் மெஷினில் செய்தி அடிக்கப் போனார். அந்தச் சம்பளத்தில்தான் நான் வேலூரில் காலேஜ் படித்தேன், கம்ப்யூட்டர் கோர்ஸும் முடித்தேன். தலைக்கனம் மட்டும் இலவசமாக வந்தது.

எண்பத்தைந்தில் கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் வந்தது. வேலைக்கு எடுக்கும் பெண்களின் பட்டியலைத் தமிழில் அச்சிட்டு கேட்டில் ஒட்ட வேண்டும் என்றார் மேனேஜர். அந்தக் கம்ப்யூட்டரில் இங்கிலீஷ் மட்டும்தான் இருந்தது. "என் தம்பி செய்வான் சார்" என்று என்னைக் கூட்டிப்போனதே அக்காதான்.

கம்ப்யூட்டருக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். இங்கிலீஷ் எடுத்துக்கொண்டது போக மீதியிருந்த எண்களைத் தமிழுக்குக் கொடுத்தேன். 'ம'வுக்கு ஓர் எண், கொம்புக்கு ஓர் எண். கையால் எழுதும் வரிசையிலேயே உள்ளே போட்டேன்: 'மே' என்றால் முதலில் கொம்பு, பிறகு 'ம'. பேப்பரில் அழகாக வந்தது. அக்கா மட்டும் டெலெக்ஸ் தாளின் பின்பக்கம் ஏதோ எழுதிக்கொண்டு வந்து நின்றார்.

"டேய், இது ஒத்து வராது. 'ம'வ முதல்ல வை, கொம்ப அப்புறம் வை. அச்சடிக்கும்போது மட்டும் முன்னாடி தள்ளிக்கோ. உள்ள வைக்கிறது வேற, பேப்பர்ல வர்றது வேற."

"நீ டெலெக்ஸ் அடிக்கிறவ. உனக்கு இன்னாக்கா தெரியும்?"

"வரிசைப்படுத்துனா லிஸ்ட்ல மேரி எங்க போவா, அதச் சொல்லு."

"மேரி வேலைக்குப் போவா. நீ போய் டீ சொல்லு."

அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அக்காவும் சிரித்துவிட்டு டீ சொல்லப் போனார்.

நான் சொன்ன முறையிலேயே பெயர்களை அடித்தவர் அக்கா. கம்ப்யூட்டர் எண்படி வரிசைப்படுத்தியது. கொம்பின் எண் எல்லாவற்றுக்கும் பின்னால் இருந்ததால் செல்வி, தேவகி, மேரி எல்லோரும் வள்ளிக்குக் கீழே, கடைசித் தாளுக்குப் போய்விட்டார்கள். காலையில் கம்பெனியின் மாதனூர் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். கேட்டில் இருந்தவர் விரலை ஓட்டிப் பார்த்தார்.

"முனியம்மாவோட 'ம' முடிஞ்சிபோச்சி. மேரி இல்லம்மா."

"நல்லா பாருங்க சார். நேத்துதான் வரச் சொன்னாங்க."

"லிஸ்ட்ல இல்லன்னா இல்ல. பேஜார் பண்ணாத, போ."

கம்பெனி பஸ் போய்விட்டிருந்தது. அவர்கள் ரோட்டோரமாக நடந்தே ஊருக்குத் திரும்பினார்கள். அவர்கள் இடத்தில் வேறு ஆட்களை எடுத்துக்கொண்டார்கள்.

மறுநாள் மேனேஜர் காரணம் கேட்டார். அக்கா என்னைப் பார்த்தார். "அக்கா அடிச்சதுல தப்பு சார்" என்றேன். அக்கா அந்த டெலெக்ஸ் தாளை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். அடுத்த வாரம் பேக்கிங்கில் அட்டைப்பெட்டி மடித்துக்கொண்டிருந்தார்.

நான் அந்த டெலெக்ஸ் தாளைப் பார்த்து எல்லாவற்றையும் மாற்றினேன். சரியாக வந்தது. மேனேஜர் எனக்குக் கைகொடுத்தார். அன்று வீட்டில் அக்கா கேட்டது ஒன்றுதான்.

"மேரி இப்ப 'ம'ல வர்றாளா?"

"வர்றாக்கா."

"சரி, சாப்புடு."

ஆறு மாதம் கழித்துத்தான் மேரி அக்காவுக்கு அங்கே வேலை கிடைத்தது. அதுவும் பேக்கிங்கில், அக்காவின் பக்கத்து மேசை. போன வருடம் மஞ்சள் காமாலையில் அக்கா ஆஸ்பத்திரியில் கிடந்த பதினெட்டு நாளும் கஞ்சி கொண்டுவந்தவர் அவர்தான். தன் பெயரைத் தப்பாக அடித்தது அக்கா என்று நினைத்துக்கொண்டேதான் கொண்டுவந்தார். நான் கட்டிலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். சொல்லவில்லை.

அக்காவைப் பார்த்துக்கொண்ட நர்ஸ்களுக்கும், அவரைக் கடைசியாகத் தூக்கிவந்த பேக்கிங் பிரிவுக்காரர்களுக்கும், உறவினர்களுக்கும் எங்கள் நன்றி. மேரி அக்காவுக்கு நன்றி சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. இந்தப் பக்கத்தை அவருக்கு யாராவது படித்துக்காட்டுங்கள்.

நேற்று கம்பெனி கேட்டுக்குப் போய்ப் பார்த்தேன். அக்கா எழுதிக்கொடுத்த வரிசையில்தான் பட்டியல் ஒட்டியிருக்கிறது. அதன் அடியில், 'தமிழ் எழுத்து அமைப்பு' என்று போட்டு, என் பெயர் இருக்கிறது.