எடைமேடைக்காரர் சொன்ன இருபது

லாரி ஓட்டுகிறவர்களிடம் கேட்டால் அவரைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். அவருக்கு அதைவிட நற்சான்று வேறு வேண்டாம். பதினெட்டு வருஷமாக எடைமேடைக் கூண்டுக்குள் உட்கார்ந்திருக்கிறார். சரக்கேற்றிய வண்டியின் பின்சக்கரத்தை மேடைக்கு வெளியே நாலு விரல் விட்டு நிறுத்துவது, காலி வண்டியை எடை போடும்போது உள்ளே ஆளைப் படுக்கவைப்பது என்று ஓட்டுநர்கள் கையில் எத்தனையோ வித்தை உண்டு. இவர் ஜன்னலில் தலையை நீட்டி, "இன்னும் கொஞ்சம் ஏத்துப்பா, எனக்கும் கண்ணு இருக்கு" என்பார். ஒரு கிலோவைக் கூட்டியோ குறைத்தோ சீட்டுக் கிழித்ததில்லை. அப்பேர்ப்பட்ட மனுஷன்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நாலு விழுந்த பகடையைப் பார்த்துக்கொண்டே, வாய் கூசாமல் "இருபது" என்றார்.

விஷயம் புரிய வேண்டுமானால் அந்த விளையாட்டைச் சொல்லியாக வேண்டும். தையல்காரருக்கு ஞாயிறன்று கடை கிடையாது. அவர் துணி வெட்டும் பெரிய மேஜையைச் சுற்றி நாலு பேர் உட்காருவார்கள். எடைமேடைக்காரர் கதை நடத்துகிறவர். காடு, கோட்டை, பூதம், எதிரிப்படை எல்லாம் அவர் பொறுப்பு. மற்ற மூவருக்கும் கதைக்குள் ஆளுக்கொரு ஆள். தையல்காரர் ஒரு திருடன். கணக்கு வாத்தியார் மந்திரவாதி. எடைமேடைக்காரரின் மைத்துனி ஈட்டிக்காரி. வீசினால் படுமா, தாண்டினால் விழுவோமா என்பதை இருபது முகம் கொண்ட ஒரு பகடை தீர்மானிக்கும்; பெரிய எண் விழுந்தால் பலிக்கும், சின்ன எண் விழுந்தால் தவறும். விளையாடுகிறவர்கள் எல்லோர் கண்முன்னாலும் உருட்டுவார்கள். கதை நடத்துகிறவர் மட்டும் ஓர் அட்டைத் தடுப்புக்குப் பின்னால் உருட்டி, விழுந்ததை வாயால் சொல்வார். எட்டிப் பார்ப்பது அநாகரிகம்.

இன்னொரு சட்டமும் உண்டு, கதைக்குள் செத்தவர் செத்தவர்தான். வாத்தியாரின் முதல் மந்திரவாதி கிணற்றில் விழுந்து செத்தபோது, வாத்தியார் சின்னப் பிள்ளை மாதிரிக் கெஞ்சினார். "இன்னொரு தடவை உருட்ட விடுங்க, ஒரே ஒரு தடவை!" எடைமேடைக்காரர் அசைந்து கொடுக்கவில்லை. "இன்னிக்கு உங்களுக்கு விட்டா, நாளைக்கு ஆளாளுக்கு அழுவாங்க. அப்புறம் எதுக்கு சார் பகடை?" என்றார். சட்டம் பேசும்போது மட்டும் ஐயாவின் நாக்கில் தேன் ஒழுகும்.

மைத்துனி மூன்று வருஷத்துக்கு முன்னால், கல்யாணம் முறிந்து, இரண்டு பைகளோடு அக்கா வீட்டுப் பின்னறைக்கு வந்தவள். சாப்பிடுவாள், பாத்திரம் கழுவுவாள், கதவைச் சாத்திக்கொள்வாள். "நாலு மனுஷ முகத்தைப் பாக்கட்டும், கூட்டிட்டுப் போங்க" என்று மனைவிதான் அவரோடு அனுப்பினாள். முதல் நாள் ஈட்டிக்காரி வாயைத் திறந்து சொன்னது, "நான் எல்லாருக்கும் பின்னாடியே நிக்கறேன்." ஆறு மாதம் கழித்து அதே ஈட்டிக்காரி, "நகருங்க, முன்னாடி நான் போறேன்" என்றாள். அந்த வருஷமே மைத்துனிக்கு ஆஸ்பத்திரிப் பதிவேட்டு அறையில் வேலை கிடைத்தது. பேச்சு திரும்பியது, பேச்சோடு குறும்பும் வந்தது. இப்போது தனியாக இருக்க ஒரு வீடு பார்த்திருந்தாள். யோசித்துச் சொல்வதாக வீட்டுக்கார அம்மாவிடம் சொல்லி வைத்திருந்தாள்.

அந்தக் குறும்புதான் வினையாயிற்று. ஒரு புதன்கிழமை வீட்டுக்கு உறவுக்காரர்கள் வந்திருந்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் மைத்துனி எடுத்துவிட்டாள். "மாமாவுக்கு வாரத்துல ஒரு நாள்தான் வாய் திறக்கும், அதுவும் பூதத்துக்குக் குரல் கொடுக்க. மத்த ஆறு நாளும் எங்க அக்காதான் பூதம்!" எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அவரும் சிரித்து வைத்தார். உள்ளே மட்டும் சுருக்கென்றது. என் வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டு என்னையே சொல்கிறாளே என்று ஒரு நினைப்பு வந்தது. சீ, என்ன நினைப்பு அது! ஆனால் வந்தது வந்ததுதான், ஞாயிறுவரை போகவும் இல்லை.

அன்றைக்குக் கதையில் ஈட்டிக்காரி காயத்தோடு ஒரு பூதத்தின் எதிரே நின்றாள். அவர் தடுப்புக்குப் பின்னால் பகடையை உருட்டினார். மைத்துனி வேடிக்கையாக, "என்ன மாமா, பூதம் வாயைத் திறக்குதா?" என்றாள். பகடையில் நாலு. பூதத்தின் அடி காற்றில் போயிருக்க வேண்டும்.

"இருபது," என்றார். "நெஞ்சுல."

"இருபதா?"

"இருபது."

அவள் எட்டிப் பார்க்கவில்லை. அவர் சொன்னால் அது அப்படித்தான் என்று இருந்தாள். செத்தவரின் கடைசி வார்த்தையை விளையாடுகிறவரே சொல்லலாம் என்பது அந்த மேஜையின் வழக்கம். அவள் ஈட்டிக்காரியின் விவரம் எழுதிய தாளைப் பார்த்துக்கொண்டே, "பின்னாடியே நின்னிருக்கணும்" என்று மெல்லச் சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினாள். தையல்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

எடைமேடைக்காரருக்குப் பழி தீர்த்த சந்தோஷம் கால் நிமிஷம்கூட நிற்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் மைத்துனிதான் அவருக்குத் தேநீர் கொண்டுவந்து வைத்தாள். "விளையாட்டுதானே மாமா, மூஞ்சியை ஏன் இப்படி வச்சிருக்கீங்க?" என்று தேற்றினாள். ஐயோ, அவள் தேற்றினாள்!

வியாழக்கிழமை அக்காவும் தங்கையும் பேசிக்கொண்டது காதில் விழுந்தது.

"அந்த வீடு வேணாம்க்கா. ஞாயித்துக்கிழமை போன் பண்ணி சொல்லிடறேன்."

"ஏன்டி? ஒரு விளையாட்டுல செத்ததுக்கா?"

"விளையாட்டுலகூட என் ராசி அப்படித்தானே இருக்கு. தைரியமா ஒரு அடி முன்னாடி வச்சா என் தலையிலதான் விழுது."

மறுநாள் எடைமேடையில் ஒரு ஓட்டுநர் மேடையை விட்டு இறங்கி நின்ற சக்கரத்தை முணுமுணுக்காமல் ஏற்றிவிட்டு, "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்ணே, உங்க வாயில பொய் வராது" என்றான். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சீட்டை நீட்டினார். இனியும் வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்தப் பெண் மறுபடியும் பின்னறைக் கதவைச் சாத்திக்கொள்வாள் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது.

ஞாயிறன்று, வரமாட்டேன் என்றவளை வற்புறுத்திக் கூட்டிப்போனார். எல்லோரும் உட்கார்ந்ததும் அட்டைத் தடுப்பை மடித்துக் கீழே வைத்தார்.

"போன வாரம் விழுந்தது இருபது இல்ல. நாலு. நான் பொய் சொன்னேன்."

மைத்துனிதான் முதலில் கேட்டாள். "ஏன் மாமா?"

"அதுக்கு முந்தின புதன்கிழமை எல்லார் முன்னாடியும் என்னைக் கிண்டல் பண்ணினே இல்ல... அதுக்கு."

"அந்த ஒரு பேச்சுக்கா? மூஞ்சிக்கு நேரா நாலு திட்டு திட்டியிருக்கலாமே! ஒரு வாரமா என் ராசியை நானே சபிச்சுக்கிட்டுத் திரியறேன்." அவள் குரல் உடைந்தது. அவர் பார்வை மேஜையின் சாக்குக்கட்டிக் கோடுகளை விட்டு ஏறவில்லை. சொன்னால் பாரம் குறையும் என்று யாரோ கட்டிவிட்ட கதை; அவருக்குப் பாரம் ஏறத்தான் செய்தது.

வாத்தியாருக்கோ வேறு கணக்கு ஓடியது. "இருங்க, இருங்க. இது ஒண்ணுதானா, வேற எண்ணும் மாத்திச் சொல்லியிருக்கீங்களா?"

"சொல்லியிருக்கேன். சாகடிக்கறதுக்கு இல்ல, காப்பாத்தறதுக்கு. பாவமா இருக்கும், குறைச்சுச் சொல்லுவேன்."

"கோட்டை மதில்ல நான் தப்பிச்சது?" என்றார் தையல்காரர்.

"அதுவும்தான்."

"அடப்பாவி மனுஷா! அந்தக் கதையை ஊரெல்லாம் சொல்லியிருக்கேனே!"

"அப்போ ஒழுங்கா செத்தது என் மந்திரவாதி ஒருத்தன்தான்!" என்று வாத்தியார் நெஞ்சில் கைவைத்தார். வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பார்கள்.

மைத்துனி சிரிக்கவில்லை. அவள் முகம் வெளுத்திருந்தது. "மாமா, பாலம்?"

பாலம் என்றால் அந்த மேஜையில் எல்லோருக்கும் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன்னால், மற்றவர்கள் தப்பி ஓட, ஈட்டிக்காரி ஒற்றை ஆளாய்ப் பாலத்தை மறித்து நின்றாள். எதிரி மூன்று முறை வீசி, மூன்றும் தவறியது.

"அன்னிக்குத்தான் முதல்முதலா எனக்கும் அதிர்ஷ்டம்னு ஒண்ணு இருக்குன்னு நம்பினேன்," என்றாள். "மறுநாள் காலையிலதான் ஆஸ்பத்திரிக்கு நேர்காணலுக்குப் போனேன். போறதா வேண்டாமான்னு இருந்தவ, அதை நினைச்சுத்தான் போனேன். அதுவும் நீங்க சொன்னதா? உண்மையைச் சொல்லுங்க மாமா. வீட்டுக்கார அம்மாவுக்கு இன்னிக்கு பதில் சொல்லணும்."

அன்றைக்கு விழுந்தவை பதினெட்டு, பதினாறு, பத்தொன்பது. மூன்றில் எந்த ஒன்றும் அவளைக் கொன்றிருக்கும். அவர் மூன்று, ஐந்து, இரண்டு என்று சொல்லியிருந்தார். அவள் மேஜை விளிம்பைப் பிடித்திருந்த பிடியைப் பார்த்துவிட்டு, விழுந்த எண்ணைச் சொல்ல அன்றைக்கு அவருக்கு மனசு வரவில்லை.

உண்மையைச் சொல்லத்தான் வந்திருந்தார். அவள் முகத்தைப் பார்த்தார்.

"பாலம் நெஜம்தாம்மா," என்றார். "மூணு, அஞ்சு, ரெண்டு. அதுல நான் கை வைக்கல."

அவள் நீளமாக மூச்சு விட்டாள். கைபேசியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். "ஆமாங்க, நான்தான். வீட்டை எடுத்துக்கறேன்," என்ற குரல் தெளிவாகக் கேட்டது. இதற்குள் வாத்தியார், ஈட்டிக்காரி சாகவே இல்லை என்று தீர்ப்பு எழுதியாயிற்று.

அவள் திரும்பி வந்து அவர் எதிரே நின்றாள். கண் ஈரமாக இருந்தது.

"உங்க மேல கோவம் தீரல மாமா. தீர நாளாகும். ஆனா அந்த ஒரு நாள் நீங்க என்னை ஏமாத்தல. எனக்கு அது போதும்."

அவருக்குக் காது மடல் சுட்டது. வெட்கம் பிடுங்கித் தின்றது. போன வாரப் பொய்யையாவது இன்றைக்கு நாலு பேர் முன்னால் ஒப்புக்கொள்ள முடிந்தது. இதை அவர் எந்த ஞாயிற்றுக்கிழமையும் ஒப்புக்கொள்ள முடியாது.