விசுவகர்மா பூஜையன்று பெய்த மழை

எழுபதுகளில் கல்கத்தாவின் டாக்குரியாவில், ஒரு பழைய வீட்டு மேல்மாடியில் குடியிருந்தோம். மழை விடாமல் கொட்டிய ஒரு காலையில், ஒழுகிக்கொண்டிருந்த கூரையிலிருந்து காரை பெயர்ந்து தொட்டிலுக்குப் பக்கத்தில் விழுந்தது. என் மனைவி பச்சைக் குழந்தையை மடியில் போட்டு, வீட்டுக்குள்ளேயே குடை பிடித்து உட்கார்ந்திருந்தாள்.

"ஏன் மசமசன்னு நிக்கறேள்? யாரையாவது கையோட கூட்டிண்டு வாங்கோ! குழந்தை நடுங்கறது!"

ஏற்கெனவே யார் யாரோ கூரையில் தாரைப் பூசி ஏமாற்றியிருந்தார்கள். அதனால் லைசென்ஸ் உள்ள கான்ட்ராக்டரைத் தேடி ஓடினேன். அன்றைக்கு, நம் ஆயுத பூஜை மாதிரியான விசுவகர்மா பூஜை என்பது அவர் வாசலில்தான் உறைத்தது. தார்ப்பாய்ப் பந்தலுக்குக் கீழே களிமண் சாமி. அதன் காலடியில் அவருடைய கொத்துவேலைக் கருவிகள், கொல்லுறும் மட்டப்பலகையும், பூ வைத்துக் கிடந்தன.

"இன்னிக்கு ஆயுதத்தைத் தொடக்கூடாது, பாபு. நாளைக்கு வரேன்" என்றார் வங்காளத்தில்.

"அதுக்குள்ள கூரை குழந்தை தலைல விழுந்தா? அப்புறம் உங்க லைசென்ஸ் எதுக்கு?" என்று கத்தினேன். சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அவர் பந்தல் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார். பூஜை செய்ய வந்தவர் பதறிப்போய்த் தடுத்தார்.

"நாளைக்குக் கங்கைல கரையப்போற சாமிதானே? இன்னிக்கே கரையட்டும்" என்றார் கான்ட்ராக்டர்.

எந்தக் கருவியையும் தொடாமல், வெறும் கையால் அந்தத் தார்ப்பாயை எங்கள் மாடியில் இழுத்துக் கட்டினார். ஒழுகல் நின்றது.

சாயங்காலம் நன்றி சொல்லப் போனேன். அவர் இல்லை. முகம் கரைந்து, உள்ளிருந்த வைக்கோல் தெரிய நனைந்துகொண்டிருந்தது சாமி. அதுவரை கோயிலில்கூட ஒப்புக்குக் கும்பிட்டவன் நான். அன்றுதான் உண்மையாகக் கும்பிட்டேன்.