அக்கா தேடிக் கொடுத்த படிப்பு

அக்கா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலருக்குக் கட்டுரை எழுதித் தர, அக்காவின் உதவியால் படித்து இன்று நல்ல நிலையில் இருக்கும் பலர் முன்வந்தார்கள். அத்தான்தான், “கூடப் பொறந்தவன் நீ இருக்கும்போது வேற யாருப்பா எழுதறது?” என்று பொறுப்பை என்னிடம் தந்துவிட்டார். நான் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு வயலில் இறங்கியவன். எழுத்தில் குறை இருந்தால் உறவினர்களும் நண்பர்களும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அக்கா பிறந்தது திருவாரூருக்குத் தெற்கே, ஓடம்போக்கியாற்றுத் தண்ணீர் பாயும் எங்கள் சிற்றூரில். வீட்டில் நாங்கள் நான்கு பிள்ளைகள். அக்கா மூத்தவர், அவருக்கு அடுத்தவன் நான். அப்பாவுக்குச் சொந்த நிலம் கிடையாது. தாத்தா காலத்திலிருந்தே மிராசுதார் ஒருவரின் நிலத்தைக் குத்தகைக்குச் சாகுபடி செய்து வந்தோம். விளைந்ததில் பெரும்பங்கு குத்தகையாகப் போய்விடும். மீதியில்தான் ஆறு பேர் சாப்பிட வேண்டும்.

அக்காவுக்குக் கணக்கு என்றால் உயிர். நெல் அவித்துக்கொண்டே கரித்துண்டால் தரையில் கணக்குப் போடுவார். பள்ளி இறுதித் தேர்வில் எங்கள் பக்கத்திலேயே அதிக மதிப்பெண் வாங்கினார். திருவாரூரில் புகுமுக வகுப்பையும் முதல் வகுப்பில் முடித்தார். தஞ்சாவூரில் பெண்கள் கல்லூரியில் பி.எஸ்.சி. கணிதத்துக்கு இடம் கிடைத்தது. எங்கள் தெருவில் அதுவரை ஒரு பெண்ணும் கல்லூரி விடுதியில் தங்கிப் படித்ததில்லை. அம்மா ஒரு தகரப் பெட்டி வாங்கி, அதில் துணிகளை மடித்து வைக்கவும் தொடங்கிவிட்டார்கள்.

விடுதிச் செலவுக்கு அரசாங்க உதவித்தொகை உண்டு என்று கல்லூரியில் சொல்லியிருந்தார்கள். அதற்கு வருமானச் சான்று வேண்டும். தாசில்தார் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஊர்க் கர்ணம் எழுதித் தர வேண்டும். ஊரின் நிலக்கணக்குகளை வைத்திருக்கும் கர்ணம் பதவி அந்நாளில் பரம்பரையாக வருவது. எங்கள் ஊர்க் கர்ணம் மிராசுதாருக்கு மிகவும் வேண்டியவர்.

கழக ஆட்சி வந்து, குத்தகைதாரர்கள் தங்கள் பெயரைப் பதிவு செய்துகொள்ளலாம் என்று சட்டம் செய்திருந்த காலம் அது. பெயர் பதிந்துவிட்டால் நினைத்த நேரத்தில் நிலத்தை விட்டு இறக்க முடியாது. அதனால் கீழத்தஞ்சை எங்கும் ஒரே கொந்தளிப்பு. அறுப்பு வயலில் போலீஸ் நிற்கும். இரவோடு இரவாக மிராசுதார்களின் ஆட்கள் இறங்கி விளைந்ததை வாரிக்கொண்டு போவார்கள். எங்கள் ஊரில் பலர் பயந்து ஒதுங்கியபோது, அப்பா விவசாயிகள் சங்கத்தின் துணையோடு தம் பெயரைப் பதிந்திருந்தார்.

அதைத்தான் கர்ணம் பிடித்துக்கொண்டார்.

“நிலம் உன் கையில இருக்குன்னுதானே பேரைப் பதிஞ்சே? நிலம் இருக்கறவனுக்கு வருமானம் இல்லேன்னு நான் எப்படி எழுதறது?” என்று கேட்டிருக்கிறார்.

“விளையறதுல பெரும்பங்கைக் குத்தகையா அளந்துடறேனுங்க. உங்களுக்குத் தெரியாததா?” என்றிருக்கிறார் அப்பா.

“அப்ப ஒண்ணு செய். பதிவை வாபஸ் வாங்கிக்கறேன்னு எழுதிக் குடு. பொழுது சாயறதுக்குள்ள சான்று உன் மக கையில இருக்கும்.”

அப்பா வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தார். பிறகு, எங்கள் யார் முகத்தையும் பார்க்காமல், “வாபஸ் வாங்கிடறேன். பொண்ணு படிச்சு வந்துட்டா நம்ம கஷ்டம் தீந்துடும்” என்றார். அடுப்படியிலிருந்து அக்காதான் எழுந்து வந்தார்.

“வேணாம்ப்பா. பேரை எடுத்துட்டா அடுத்த சாகுபடிக்கு நம்மள வயல்ல விடுவாங்களா? தம்பி தங்கச்சிங்க என்ன சாப்பிடும்?”

“உன் படிப்பு?”

“வேற வழி இல்லாமலா போயிடும்? பாத்துக்கலாம்ப்பா.”

அப்போது அக்காவுக்குப் பதினேழு வயது.

சங்கத்துச் செயலாளரோடு அக்காவே தாசில்தாரைப் பார்த்து மனுக் கொடுத்தார். விசாரணைக்கு உத்தரவானது. விசாரிக்க வருபவர் இன்று வருவார், நாளை வருவார் என்று காத்திருந்தோம். கடைசியில் சான்று வந்தது. ஆனால் அது வந்தபோது சம்பா நடவு முடிந்து களையெடுப்பு நடந்துகொண்டிருந்தது. கல்லூரிச் சேர்க்கை ஆடியிலேயே முடிந்துவிட்டது. சான்றைக் கொண்டு வந்த செயலாளரிடம், “உங்களுக்குத்தான் ரொம்ப அலைச்சல், மோர் குடிச்சிட்டுப் போங்க” என்று சொல்லிச் செம்பை நீட்டினார் அக்கா. அவர் போன பிறகு புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மறுபடியும் வயலில் இறங்கினார். மறுநாள் பார்த்தால், அம்மா அந்தத் தகரப் பெட்டியில் உளுந்து கொட்டி வைத்திருந்தார்கள்.

அடுத்த வருடம் சேர்த்துவிடலாம் என்றுதான் இருந்தோம். அதற்குள் பதிவை எதிர்த்து மிராசுதார் தரப்பு வழக்குப் போட்டது. அப்பா வழக்குக்கு அலைய, ஏரை நான் பிடித்தேன். அக்கா திருவாரூரில் தட்டச்சு கற்று, அங்கேயே சொல்லித்தரும் வேலைக்கும் போனார். வழக்கு எங்கள் பக்கம் தீர்ந்தபோது வருடங்கள் ஓடியிருந்தன. கல்லூரிக்குப் போகும் வயது அக்காவைத் தாண்டிப் போயிருந்தது.

அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்த அத்தானுக்கு அக்காவைக் கட்டிக் கொடுத்தோம். திருவாரூரில் தேரோடும் வீதியிலிருந்து பிரியும் சந்து ஒன்றில், பழைய மிஷின்களை வாங்கிப் போட்டு, அக்காவும் அத்தானும் ஒரு தட்டச்சுப் பயிலகம் தொடங்கினார்கள். அக்காவுக்கு ஒரே மகள் பிறந்ததும் அங்கே இருந்தபோதுதான்.

பிள்ளைகளுக்கு உதவித்தொகை தேடித் தரும் வேலை எந்தத் திட்டமும் இல்லாமல் தொடங்கியது. தட்டச்சு பழக வந்த ஒரு பெண், கல்லூரியில் இடம் கிடைத்தும் வீட்டில் அனுப்பவில்லை என்று பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறாள்.

“உதவித்தொகைக்கு மனுப் போட்டியாம்மா?”

“அப்படின்னா என்னக்கா?”

அந்தக் கேள்வி அக்காவைத் தூங்கவிடவில்லை. “பணம் கொடுக்கறவங்க எங்கேயோ இருக்காங்க. வேணுங்கற புள்ளைக்கு அது தெரியவே மாட்டேங்குது தம்பி” என்று என்னிடம் சொன்னார். அந்தப் பெண்ணை அழைத்துக்கொண்டு தாலுகா ஆபீசுக்கு நடந்தார். அதன்பின் நாளிதழ்களில் வரும் அறிவிப்புகளை எல்லாம் வெட்டிப் பயிலகச் சுவரில் ஒட்டினார். பிற்படுத்தப்பட்டோருக்கு, ஆதிதிராவிடருக்கு, மீனவர் பிள்ளைகளுக்கு என்று அரசாங்கம் தருவது என்னென்ன என்று அலுவலகம் அலுவலகமாகக் கேட்டு வந்தார். சென்னையில் வணிகர்கள் வைத்திருந்த கல்வி அறக்கட்டளைகளுக்குக் கடிதம் எழுதினார். நாகூரில் கப்பல் வியாபாரத்தில் இருந்த ஒரு குடும்பம், எந்த மதத்துப் பிள்ளையானாலும் பட்டப்படிப்புக்கு உதவும் என்று கேள்விப்பட்டு நேரிலேயே போய் வந்தார். பட்டம் முடித்து வீட்டில் இருந்தவர்களையும் விடமாட்டார். “மேல படிக்கறதுக்கும் ஆராய்ச்சிக்கும் மாசாமாசம் தொகை தர்றாங்க. பரீட்சை எழுதிப் பாரேன்” என்று துரத்துவார். ஒவ்வொரு அறிவிப்பிலும் கடைசித் தேதியைச் சிவப்பு மையால் கோடிட்டு வைத்திருப்பார்.

அத்தானின் பேருந்தில் ஏறும் மாணவர்கள் பலருக்கு டிக்கெட்டோடு அக்காவின் விலாசமும் கிடைத்தது.

பரம்பரைக் கர்ணம் பதவிகளை அரசாங்கம் ஒரே உத்தரவில் ஒழித்த சமயத்தில் நடந்தது ஒன்றைச் சொல்ல வேண்டும். அரிசி கொடுக்க நான் பயிலகத்துக்குப் போயிருந்தேன். பதவி போன எங்கள் ஊர்க் கர்ணம், அரசாங்கத்துக்கு அனுப்பும் மனுவைத் தட்டச்சு செய்ய அங்கே வந்து உட்கார்ந்திருந்தார். அக்காவை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. அக்கா பிழையில்லாமல் அடித்து, வாசித்துக் காட்டி, உறையில் போட்டுக் கொடுத்தார். என்னைப் பார்த்த பிறகுதான் அவருக்கு விளங்கியது. முகம் சுருங்கிப் போயிற்று.

அக்கா கேட்டார்: “வீட்ல யாரு படிக்கிறாங்க?”

“பேத்தி ஒருத்தி இருக்கா. பிளஸ் டூ முடிச்சிருக்கா. இனிமே எங்கேம்மா…”

“அனுப்பி வைங்க. வருமானம் நின்னு போச்சுன்னு இப்ப உங்களுக்கும் சான்று கிடைக்கும். நான் கூட வர்றேன்.”

எனக்குக் கோபம் அடங்கவில்லை. அவர் போனதும், “அவருக்குப் போயா?” என்று கேட்டேன். “அவருக்கு இல்லடா, அந்தப் பொண்ணுக்கு” என்று சொல்லிவிட்டு, அடுத்த தாளை மிஷினில் ஏற்றினார். அந்தப் பெண் பட்டம் முடித்து இன்று வங்கியில் இருக்கிறார்.

எல்லாக் கதையும் இப்படி முடியவில்லை. முருகையனைப் பற்றி எழுதக் கை வரவில்லை. எழுதாவிட்டால் அக்காவைப் பற்றி எழுதியதாகாது.

முருகையன் கீழ்வேளூர்ப் பக்கத்துக் கூலிக் குடும்பத்துப் பையன். அப்பா இல்லை. வெளியூர்ப் பொறியியல் கல்லூரி ஒன்றில் இடம் கிடைத்தது. அரசாங்க உதவித்தொகைக்கும், புத்தகத்துக்கு ஓர் அறக்கட்டளையின் உதவிக்கும் அக்காவே ஏற்பாடு செய்தார். முதல் வருடம் நன்றாகப் போயிற்று. இரண்டாம் வருடம் தொகை அனுமதியாகியும் வந்து சேரவில்லை. விடுதியில் சாப்பாட்டுப் பாக்கி ஏறியதால் அவன் பெயரை மெஸ்ஸிலிருந்து எடுத்துவிட்டார்கள். அவன் அம்மாவிடம் சொல்லவில்லை, அக்காவுக்கும் எழுதவில்லை. ஒரு பன்னும் தண்ணீருமாக நாள் கடத்தியிருக்கிறான். காமாலை கண்டு, கூடப் படித்தவர்கள் தூக்கிவந்து ஊரில் சேர்த்தபோது காலம் கடந்துவிட்டது. அவன் இறந்து, காரியம் எல்லாம் முடிந்த பிறகுதான் உதவித்தொகை கல்லூரிக்கு வந்து சேர்ந்தது.

“தொகை வாங்கிக் குடுத்தாப் போதும்னு இருந்துட்டேன்டா தம்பி. அது வர்ற வரைக்கும் புள்ள எதைச் சாப்பிடுவான்னு நான் கேக்கவே இல்லியே” என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டு அழுதார். சுவரில் இருந்த காகிதங்களை எல்லாம் கிழித்துப் போட்டார். தேடி வந்த பிள்ளைகளை வாசலோடு திருப்பி அனுப்பினார். அத்தான் சொல்லியும் கேட்கவில்லை, நான் சொல்லியும் கேட்கவில்லை.

அக்காவை மீட்டுக் கொண்டுவந்தவர் முருகையனின் தாயார். மறு வருடம் தம் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு பயிலகத்துக்கு வந்தார்.

“இவளும் பிளஸ் டூ பாஸ் பண்ணிட்டாம்மா. அவனுக்குப் பாத்தீங்கள்ல, அது மாதிரி இவளுக்கும் பாருங்க.”

“என்னை நம்பி இன்னொரு புள்ளைய எப்படிம்மா அனுப்புவீங்க?” என்றார் அக்கா.

“உங்களை விட்டா யாரு இருக்கா எங்களுக்கு?”

இருவரும் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு அழுததாக அத்தான் சொன்னார். அந்த வாரமே அக்கா ஊருக்கு வந்தார். “அறுப்பு அறுத்ததும் எனக்கு நெல்லு வேணும் தம்பி. விடுதியில புள்ளைங்க பேரை எடுக்காம இருக்கறதுக்கு” என்றார். எங்கள் அப்பா அப்போது படுக்கையில் இருந்தார். “கேக்கறதைக் குடுடா” என்று அங்கிருந்தே சொன்னார். அது முதல் ஒவ்வொரு போகத்திலும் அரைத்த அரிசி மூட்டைகள், தொகைக்குக் காத்திருக்கும் பிள்ளைகளின் விடுதிகளுக்குப் போயின. காப்பாளர்களிடம் அக்கா நேரில் போய்ப் பேசுவார். எந்தப் பிள்ளை ஊருக்கு வந்தாலும் மதிப்பெண்ணைக் கேட்பதற்கு முன், “மெஸ்ஸுல சாப்பிட விடறாங்கல்ல?” என்றுதான் கேட்பார். முருகையனின் தங்கை வேளாண்மை படித்து, ஆய்வு உதவித்தொகை பெற்று, இன்று கோயம்புத்தூரில் ஆராய்ச்சி செய்கிறார்.

ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் கடைசித் தேதி பார்த்துச் சொன்ன அக்கா, தம் உடம்புக்கு நாள் கடத்திவிட்டார். வயிற்று வலியைக் கஷாயத்தில் அடக்கி வைத்தார். தஞ்சாவூரில் மருத்துவர்கள் பார்த்தபோது கட்டி முற்றியிருந்தது. இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

கிளம்பும்போது, “அந்தக் காலேஜ் வழியா போகச் சொல்லு” என்றார் அக்கா. எந்தக் கல்லூரி என்று நான் கேட்கவில்லை. வாசலில் காரை நிறுத்தினோம். வகுப்பு விட்டு மாணவிகள் கூட்டமாக வெளியே வந்துகொண்டிருந்தார்கள். அக்கா என் தோளில் சாய்ந்தபடி, கண்ணாடியை இறக்கச் சொல்லிப் பார்த்தார்.

“எவ்வளவு பொண்ணுங்க” என்றார். பிறகு, “நானும் நல்லாத்தாண்டா படிச்சிருப்பேன்” என்றார். அத்தனை வருடத்தில் அக்கா தமக்காகச் சொல்லி நான் கேட்டது அந்த ஒன்றுதான். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அதன்பின் அக்கா அதிக நாள் இருக்கவில்லை. மகள் மடியில் தலை வைத்தபடி உயிர் பிரிந்தது. ஐம்பதைக்கூடத் தொடவில்லை.

அக்காவின் கடைசி நாட்களில் தாயைப்போல் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்ட முருகையனின் தாயாருக்கும், மருத்துவமனையில் முகம் சுளிக்காமல் பணிவிடை செய்த செவிலியர்களுக்கும், செய்தி கேட்டு எங்கெங்கிருந்தோ வந்து பாடையைத் தோளில் தாங்கிய பிள்ளைகளுக்கும், சுடுகாடு வரை நடந்து வந்த பெண் பிள்ளைகளுக்கும், சங்கத்துத் தோழர்களுக்கும், அத்தானோடு பணிபுரியும் பேருந்துத் தொழிலாளர்களுக்கும், ஊராருக்கும், சுற்றத்தாருக்கும் எங்கள் குடும்பத்தின் கண்ணீர் கலந்த நன்றி.

அக்கா இல்லாதது தெரியாமல் இன்னமும் பிள்ளைகள் வருகிறார்கள். போன வாரம்கூட வேதாரண்யம் பக்கமிருந்து ஒரு பையன், கையில் சான்றிதழ்ப் பையோடு வந்து வாசலில் நின்று, “அக்கா இருக்காங்களா?” என்று கேட்டான். அத்தான், “உள்ள வா தம்பி, சாப்பிட்டியா?” என்று கேட்டு அவனை உட்கார வைத்துவிட்டு, கொல்லைப்புறம் போய் நின்றுகொண்டு அழுதார்.